தொண்ணூறு நிமிடப் பல்

கேசட்டின் முதல் பக்கம் முடிந்து 'டக்'கென்று பட்டன் மேலே எழும்பியதும், பல் அக்கா வலது கையிலிருக்கும் மெழுகுக் கத்தியைக் கீழே வைக்காமலே இடது கையால் கேசட்டைத் திருப்பிப் போடுகிறார். பின்னால் அடுப்பில் ஒரு பாத்திரம். அதிலிருக்கும் தண்ணீர் கொதிக்கவில்லை, இப்போதைக்குக் கொதிக்கவும் கூடாது. கை வைத்தால் சுடும், அவ்வளவுதான். அந்தத் தண்ணீருக்குள் ஒரு பித்தளை அச்சு, அச்சுக்குள் யாரோ ஒருவருடைய மேல்வரிசைப் பற்கள் வெந்துகொண்டிருக்கின்றன. தொண்ணூறு நிமிடக் கேசட் இரண்டு பக்கமும் ஓடி முடிய வேண்டும். அப்புறம் தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்கவிட்டு, அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம். பல் தயார்.

"வீட்டுல குக்கர் விசிலை எண்ணுறோம்ல? இங்க கிதார் சோலோவை எண்ணுறேன். வேற ஒரு வித்தியாசமும் இல்ல" என்பார்.

சுவரில் கடிகாரம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. நாலு பத்தில் நின்று எத்தனை வருடமாயிற்று என்று அவருக்கே நினைவில்லை. பேட்டரி மாற்றலாமே என்று ஒருமுறை கேட்டுவைத்தேன். "அது ஓடி என்ன ஆகப்போகுது? நடுவுல ஒரு நல்ல சோலோ வந்தா மணி பார்க்க மறந்துடுவேன். கேசட்டுன்னா மறக்க முடியுமா? பாட்டு நின்ன உடனே பகீர்னு ஆயிடும்ல" என்றார்.

பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அளவுக்குப் பல்செட் செய்து கொடுப்பது இவர் வேலை. இருபத்தாறு வருடமாகச் செய்கிறார். வயது ஐம்பத்தெட்டு. குள்ளம். மூக்குக்கண்ணாடிக்கு மேலே இன்னொரு பூதக்கண்ணாடி. உடுப்பிலும் புருவத்திலும் எந்நேரமும் ரோஸ் நிறத் தூசி. அது ஈறின் நிறம். தெருவில் யாராவது எதிரில் வந்து சிரித்தால் அக்கா முகத்தைப் பார்க்கமாட்டார். வாயைப் பார்த்துவிட்டு, "நம்ம பல்லுதான்" என்று என் காதோரம் சொல்லிவிட்டு, ஆளைத் தெரிந்தவர் போலவே நலம் விசாரிப்பார்.

இவருடைய இன்னொரு உலகம் ராக் இசை. அதிலும் கிதார். அதிலும் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்திய கிதார். பிந்தியதெல்லாம் அவருக்குப் பால்பல். பாராட்டும் வசவும் பல் கணக்கில்தான் வரும். "இவன் வாசிக்கிற நோட்ஸ் எல்லாம் ஒட்டிக்கிட்டே இருக்கு, நடுவுல நூல்கூட நுழையாது" என்றால் திட்டுகிறார் என்று அர்த்தம். பேஸ் கிதார் வாசிப்பவர்களை அவர் கடைவாய்ப் பல் என்பார். கண்ணில் படாது, அது இல்லாவிட்டால் ஒன்றையும் மென்று முழுங்க முடியாது என்பது விளக்கம்.

வேலை மேசைக்கு மேலே அலமாரியில் பத்து பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வேலை முடிந்து மிஞ்சிய அச்சுகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஒரு பட்டப்பெயர் எழுதியிருக்கும். உலகத்தின் தலைசிறந்த பத்து ராக் கிதார்காரர்கள், இடமிருந்து வலமாக. வருடத்துக்கு ஒருமுறை வாதம் நடந்து, ஓரிரண்டு தாடைகள் இடம் மாறும். சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது என்பது இங்கே சட்டம். பெயரைச் சொன்னால் ரசிகன் முழித்துக்கொள்வான், காது தூங்கிப்போகும் என்பது அக்காவின் கட்சி.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்தான் அந்த நீதிமன்றத்தின் நீதிபதி. பதவி என்னைத் தேடி வந்தது. மேல்மாடியில் உட்கார்ந்து அச்சுப்பிழை திருத்துவது என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கீழேயிருந்து வந்த சத்தம் பொறுக்காமல் இறங்கிப் போய், "என்னங்க இது, தகரத்தைத் தரையில இழுத்துக்கிட்டுப் போற மாதிரி?" என்று கேட்டேன். அறைக்குள் அக்கா, அவருடைய அண்ணன், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஆக மூன்று பேர். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு ராக் தெரியாதா?" என்றார் அக்கா.

"தெரியாது."

"கிதார்?"

"பார்த்திருக்கேன்."

அக்கா ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "உட்காருங்க. உங்களைத்தான் இத்தனை நாளா தேடிக்கிட்டிருந்தோம். இவங்க ரெண்டு பேரும் ஒரு பக்கமா சாஞ்சவங்க. நீங்க ஒண்ணுமே தெரியாதவர். நீங்கதான் ஜட்ஜ்."

அன்றிலிருந்து நான் ஜட்ஜய்யா. சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஆஜராகிவிட வேண்டும். அக்காவின் கணவர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். சனிக்கிழமை அவருக்கு விடுமுறைதான். ஆனாலும் கிளம்பிப் போய் நூலகத்திலேயே உட்கார்ந்துகொள்வார்.

அண்ணன் அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். லிஃப்ட் மெக்கானிக். பேச்சு குறைவு, அதற்குப் பதில் சீட்டி. எந்த சோலோவாக இருந்தாலும் முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை சீட்டியடித்தே காட்டுவார். அதுதான் அவர் வாதம். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி, காற்று அந்த வழியாக நாணல் போல் வளைந்து வரும். ஒன்றும் தெரியாத எனக்கே அவர் சீட்டியில் கேட்டபிறகுதான் அந்தத் தகரச் சத்தத்துக்குள் ஒரு பாட்டு இருப்பது புரிந்தது. அண்ணன் சீட்டியடிக்கும்போது அக்கா சும்மா இருக்கமாட்டார். வலது ஆள்காட்டி விரலைத் தூக்கி, மெருகேற்றும் மோட்டாரைப் போல விர்ரென்று சுழற்றுவார். வேகம், இன்னும் வேகம் என்று அர்த்தம்.

ஏனென்றால் அக்காவின் நாயகன் வேகக்காரன். அவனுக்கு அக்கா வைத்த பெயர் 'மின்னல்'. அண்ணன் வைத்த பெயர் 'அவசரக்குடுக்கை'. அண்ணனின் நாயகன் நாலே நோட்ஸை வைத்துக்கொண்டு நாலு நிமிடம் ஓட்டுபவன். அண்ணன் அவனை 'நிதானம்' என்பார், அக்கா 'சோம்பேறி' என்பார். அலமாரியில் முதல் இடத்தில் மின்னல், இரண்டாம் இடத்தில் நிதானம். இந்த இரண்டு தாடைகளுக்காகத்தான் வருடா வருடம் ரத்தக்களரி.

இந்தப் பிரிவினைக்கு டிரைவிங் மாஸ்டர் ஒரு காரணம் சொல்வார். சின்ன வயதில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஹெட்போன். அண்ணனும் தங்கையும் தலையோடு தலை முட்டிக்கொண்டு ஆளுக்கொரு காதாகக் கேட்பார்கள். அண்ணன் எப்போதும் இடது, தங்கை எப்போதும் வலது. ஸ்டீரியோவில் இடப்பக்கம் ஒரு கிதார், வலப்பக்கம் இன்னொரு கிதார். "பத்து வருஷம் ஒரே பாட்டைக் கேட்டோம்னு நினைச்சுக்கிட்டு ஆளுக்குப் பாதிப் பாட்டைக் கேட்டிருக்காங்க சார். அப்புறம் சண்டை வராம என்ன பண்ணும்?" அக்காவிடம் இது உண்மையா என்று கேட்டேன். "பாதியா இருந்தா என்ன, என் பாதிதான் நல்ல பாதி" என்றார்.

சண்டைக்கு வருகிறேன்.

சென்ற வருடம் அண்ணனுக்கு ஈறு வியாதி வந்து மேல்வரிசைப் பற்கள் மொத்தமும் எடுக்கும்படி ஆயிற்று. பல்லோடு சீட்டியும் போனது. ஈறு ஆறும் வரைக்கும் சனிக்கிழமைகளில் மனிதர் ஊமையாக உட்கார்ந்திருப்பார். அண்ணனின் பல்செட்டை அக்காதான் செய்தார். பழைய போட்டோ ஒன்றை ஆணியில் மாட்டி வைத்துக்கொண்டு, முன்பற்களின் நடுவிலிருந்த அந்தச் சின்ன இடைவெளியை மெழுகில் பதினொரு தடவை வைத்து வைத்துக் கலைத்தார். ஊருக்கெல்லாம் இடைவெளியை மூடிக் கொடுப்பவர், அண்ணனுக்கு மட்டும் இடைவெளியைச் செய்துகொண்டிருந்தார். "பல்லு யார் வேணும்னாலும் வைப்பாங்க. நான் விசில் வைக்கிறேன்" என்று எங்களிடம் பெருமையடித்துக்கொண்டார்.

அந்தப் பல்செட் அச்சில் வெந்துகொண்டிருந்த சனிக்கிழமைதான் அண்ணன் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தார். தானே பார்த்துப் பார்த்துப் பதிவு செய்த தொண்ணூறு நிமிடக் கேசட். இருபது துண்டுகள், எதிலும் பாட்டுக் கிடையாது, வெறும் கிதார். யார் விரல் என்று அக்கா சொல்ல வேண்டும். கரும்பலகையில் நான் கோடு போட வேண்டும். வேகும் பல்லுக்கும் அன்று அதே கேசட்தான் கணக்கு.

பதினெட்டு துண்டுகள் வரைக்கும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு பிளந்து கட்டினார். பத்தொன்பதாவது ஆரம்பித்தது. அடைமழை போல் ஒரு வாசிப்பு. அக்கா கத்தியைக் கீழே வைத்தார். வேலை நேரத்தில் அவர் கத்தியை வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக்குள் கண் நிறைந்து வழிந்தது. "மின்னல்" என்றார். "இப்படி வாசிக்க வேற யாருக்கு விரல் இருக்கு?"

அண்ணன் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார். அது நிதானம். இருபது வயதில், ஏதோ ஒரு மேடையில், ஆவேசம் வந்து வாசித்தது. பதிவின் அட்டையையே கையோடு கொண்டுவந்திருந்தார்.

மூன்று பேரும் அக்காவைப் பார்த்தோம். தோற்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீ குடித்துவிட்டுக் கலைந்திருப்போம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேசட் ஓடும் டெக்கைப் பார்த்தார். அண்ணன் பரிசாகக் கொடுத்த டெக். முந்தின வாரம்தான் அதற்குப் புது பெல்ட் மாட்டிக் கொடுத்திருந்தார்.

"டெக் வேகமா ஓடுது. அதான் சோம்பேறிகூட மின்னல் மாதிரிக் கேக்குறான். நீ மாட்டின பெல்ட் சரியில்ல" என்றார்.

அண்ணனின் சிரிப்பு நின்றது. "ஒன்பது மாடிக்கு ஜனங்க என் கயித்துல தொங்குறாங்க. உன் டேப்புக்கு ஒரு பெல்ட் மாட்டத் தெரியாதா எனக்கு?"

"தெரியலையே."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஜட்ஜய்யா, நீங்க சொல்லுங்க. டெக் வேகமா ஓடிச்சா?"

அன்று எனக்கு வைக்க வேண்டிய முன்பற்கள் இரண்டும் மெழுகு உருவத்தில் அக்காவின் மேசைமேல் இருந்தன. வாயைத் திறந்தால் ஓட்டை தெரியும் நிலைமையில், நான் வாயைத் திறந்து, "இருக்கலாம்னு தோணுது" என்றேன். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ அச்சுப்பிழைகளைக் கோட்டை விட்டிருக்கிறேன். அந்த ஒரு வரியைப் போல எதுவும் என்னை உறுத்தியதில்லை.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். அக்கா அந்தக் கேசட் ஓடி முடிந்ததும் தீயைக் கூட்டிவிட்டு, அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்தைப் போட்டுத் தனியாக உட்கார்ந்து கேட்டார். பல் கொதிக்க வேண்டுமே.

மெருகேற்றிய பல்செட் திங்கட்கிழமை அண்ணியின் கையில் போனது. புதன்கிழமை அதே அண்ணி கையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் திரும்பி வந்தது, கூடவே ஒரு சீட்டு. 'டெக் வேகமா ஓடியிருந்தா கேசட் சீக்கிரம் முடிஞ்சிருக்கும், இது வேகாத பல். டெக் சரியா ஓடியிருந்தா இது நல்ல பல். எதுன்னு நீங்களே சொல்லுங்க மேடம். அதுவரைக்கும் என் வாய் காலியா இருக்கட்டும்.'

பிறந்ததிலிருந்து அண்ணனுக்கு அவர் 'பாப்பா'. ஐம்பத்தெட்டு வயதில் ஒரே நாளில் மேடம் ஆகிவிட்டார்.

வேகாத பல் என்றால் சாதாரண விஷயமில்லை. மருந்து வாடை போகாது, வாய் எரியும், நாளாக நாளாக வளையும். தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. பல் நல்ல பல் என்று சொன்னால் காது தோற்றது. காது தோற்கவில்லை என்றால் கை தோற்றது. அக்கா எதையும் சொல்லவில்லை. பல்செட்டை ஒரு கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் போட்டுப் பின்னலமாரியில் வைத்துவிட்டார். காய்ந்தால் வளைந்துவிடும் என்பதால் காலையில் வந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரை மாற்றுவார். எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை உட்பட, ஒரு நாள் தவறாமல் மாற்றினார். எடுத்து வெந்ததா இல்லையா என்று மட்டும் பார்க்கவே மாட்டார்.

அண்ணி வாரம் ஒருமுறை வந்து அழாத குறையாகச் சொல்லிவிட்டுப் போவார். "எல்லாத்தையும் மிக்ஸியில அடிச்சுக் கொடுக்கிறேன். மனுஷன் மூச்சு விடாம குடிக்கிறார். வாயில பல்லும் இல்ல, வீட்டுல விசிலும் இல்ல. சமையலறைல நிக்கும்போது வீடு வேற யார் வீடோ மாதிரி இருக்கு. நீங்க ரெண்டு பேரும் குழந்தையா, என்ன?" அக்கா மோட்டாரைப் போட்டுவிடுவார். அந்த இரைச்சலில் அண்ணி வந்த வழியே போக வேண்டியதுதான்.

சனிக்கிழமைகள் தொடர்ந்தன, பேருக்கு. அக்கா ஒரு சோலோவைப் போடுவார். மாஸ்டர் "நல்லா இருக்கு அக்கா" என்பார். எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் நீதிபதிக்கு என்ன வேலை? நான் ஸ்டூலில் உட்கார்ந்து கரும்பலகையில் இன்னும் அழிக்காமலிருந்த பதினெட்டுக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாஸ்டர் பொல்லாதவர். தினமும் எட்டுப் பேரிடம் உயிரைக் கொடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழகியவர். போன சனிக்கிழமை ஒரு சோலோ முடிந்த இடைவெளியில் எழுந்து போய் ஜாடியைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் ஆட்டிப் பார்த்து, ஒன்றும் அறியாத குரலில் கேட்டார்: "அக்கா, இந்த வேகாத பல்லைத் தூக்கிப் போட்டுட்டு ஜாடியைக் கழுவி வைக்கட்டுமா?"

அக்கா திரும்பிய வேகத்தில் பூதக்கண்ணாடி கழன்று விழுந்தது.

"யார் பல்லு வேகாத பல்லு? இங்க கொடு. இருபத்தாறு வருஷத்துல என் கையால ஒரு பல்லு வேகாம வெளிய போயிருக்கா?" ஜாடிக்குள் கையை விட்டுப் பல்செட்டை எடுத்தார். மாஸ்டரின் மூக்குக்கு நேரே நீட்டினார். "மோந்து பாரு. வாடை வருதா?" நகத்தால் அழுத்தினார். "பதியுதா?" மேசையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டார். கூழாங்கல் விழுந்தது போல் கணீரென்று ஒரு சத்தம். "கேட்டியா? வேகாததுன்னா சொத்துனு விழும். இது முழுசா வெந்த பல்லு. தொண்ணூறு நிமிஷமும் ஒரு நிமிஷம் குறையாம ஓ..."

பாதி வார்த்தையில் நின்றுவிட்டார்.

அடுப்பில் தண்ணீர் லேசாக முணுமுணுத்தது. மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு, "அக்கா, வண்டியில ரிவர்ஸ் கியரை அழகுக்கா வச்சிருக்கான்?" என்றார்.

அக்காவின் கண் நின்றுபோன கடிகாரத்துக்குப் போயிற்று. அன்றைக்குக் கைக்கடிகாரம் பார்த்துத்தான் வேகவைத்தேன் என்று ஒரு பொய் அவர் உதடு வரை வந்ததை நான் பார்த்தேன். அதை அப்படியே முழுங்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். சின்னப் பெண்ணைப் போல இருந்தார்.

"ஜட்ஜய்யா, தீர்ப்பை மாத்தி எழுதுங்க. டெக் சரியாத்தான் ஓடிச்சு. எனக்கு அன்னைக்கே தெரியும்."

நானும் சொல்லிவிட்டேன். "எனக்கு எதுவுமே தெரியாதுக்கா. என் முன்பல்லு உங்ககிட்ட இருந்துச்சு, அதான் அப்படிச் சொன்னேன்."

"அதுவும் தெரியும்" என்றார்.

கரும்பலகையில் பதினெட்டுக் கோடுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். அக்கா அடுப்பை அணைத்தார். உள்ளே யாருடைய பல்லோ இருந்தது, அதை நாளைக்குப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்றார். பாதியில் அவர் அடுப்பை அணைத்ததும் அன்றுதான் முதல் தடவை. ஜாடியைத் துண்டில் சுற்றி மடியோடு அணைத்துக்கொண்டு, மாஸ்டரின் 'பழகுநர்' பலகை வைத்த காரில் ஏறினார். "ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். முதல் இடம் மாறாது. கேட்டது தப்பு, அவ்வளவுதான். மின்னல் மின்னல்தான்."

அண்ணனுக்கு அன்று வேலை ஒரு ஒன்பது மாடிக் கட்டடத்தில். லிஃப்ட் வாசலில் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை. பழுது பார்ப்பவர் உச்சியில் இருந்தார். படியில்தான் ஏற வேண்டும். மூட்டுவலிக்காரரான அக்கா கைப்பிடியை ஒரு கையிலும் ஜாடியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி நின்று, ஏறினார். ஆறாவது மாடியில் மாஸ்டர், "இன்ஜின் சூடாயிடுச்சு, நீங்க போங்க" என்று உட்கார்ந்துவிட்டார். அக்கா வாய்க்குள் எதையோ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "எட்டு மாசம் ஆச்சே, ஈறு சுருங்கியிருக்கும். பிடிக்காமப் போயிட்டா?" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் கேட்டதில்லை.

மொட்டை மாடியில் சின்ன அறை. உள்ளே ஆளுயரச் சக்கரம், அதன்மேல் இரும்புக் கயிறுகள், தரையிலிருந்த நீளத் துவாரம் வழியாக அவை கீழே ஒன்பது மாடி ஆழத்துக்கு இறங்கிப் போயின. கிரீஸ் வாடை. அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்தார். காலடி கேட்டுத் திரும்பினார். மேலுதடு உள்ளே போய், எட்டு மாதத்தில் எட்டு வயது கூடியிருந்தது.

ஒன்பது மாடியும் ஒத்திகை பார்த்த வசனம் எங்கே போனதோ. அக்கா ஜாடியைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, "தினமும் தண்ணி மாத்தினேன்" என்றார்.

அண்ணன் ஜாடியைப் பார்த்தார். "வெந்ததா, வேகாததா?"

"வெந்தது."

"நல்லாப் பார்த்தீங்களா மேடம்?"

"கீழ போட்டே பார்த்தேன். முழுசா வெந்தது." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "டெக் சரியா ஓடிச்சு. பெல்ட்டும் சரி. எனக்குத்தான் கேக்கத் தெரியல அண்ணா. சோம்பேறி வாசிச்சதுன்னு தெரியாம அழுதுட்டேன். தெரிஞ்சப்போ உங்க மூணு பேர் முன்னாடி வெக்கமாப் போச்சு. அதான் பழியை உன் மேல போட்டுட்டேன்."

"சோம்பேறி இல்ல. நிதானம்."

அக்கா ஜாடியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

அண்ணன் பழந்துணி ஒன்றை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். பத்து விரலும் முடிந்தது. மறுபடி முதல் விரலிலிருந்து ஆரம்பித்தார்.

"இரு பாப்பா, கை கழுவிட்டு வர்றேன்" என்றார்.

அக்கா சட்டென்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

பல்லை மாட்டியதும் அண்ணனின் முகம் திரும்பி வந்துவிட்டது. போட்டோவில் இருந்த அதே முகம். "கொஞ்சம் ஆடுது" என்றார். "ஆடத்தான் செய்யும். திங்கக்கிழமை பட்டறைக்கு வா, உள்பக்கம் பூசி இறுக்கித் தர்றேன். இப்போ ஊது" என்றார் அக்கா. அண்ணன் உதட்டைக் குவித்தார். வெறும் காற்று வந்தது. இன்னொரு தடவை. காற்றுதான். அக்கா பல்லைக் கழற்றச் சொல்லி வாங்கி, கைப்பையிலிருந்து உப்புத்தாள் துண்டு ஒன்றை எடுத்து, முன்பற்களின் பின்பக்கத்தில் ஒரு மயிரிழை தேய்த்தார். மாட்டினார், காற்று. இன்னும் ஒரு மயிரிழை. காற்றுக்குள் எங்கேயோ ஒரு கீச்சு கேட்டது. பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, மூச்சுவிடாமல் மூன்றாவது தடவை தேய்த்து, தண்ணீரில் அலசிக் கொடுத்தார்.

சீட்டி வந்தது. நாணல் போல் வளைந்து, கயிற்றுத் துவாரம் வழியாக இறங்கி, ஒன்பது மாடியும் எதிரொலித்துவிட்டு மேலே ஏறி வந்தது. ஆறாவது மாடியிலிருந்து மாஸ்டர் கைதட்டுவது கேட்டது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அண்ணன் அடித்தது நிதானத்தின் சோலோ இல்லை. மூன்று வருடப் பதவியில் எனக்குத் தெரிந்த நாலைந்து சோலோக்களில் அதுவும் ஒன்று. மின்னலுடையது. எட்டு மாதமாகச் சும்மா இருந்த வாய், புதுப் பல், அதற்கு இந்த ஓட்டம் தாங்கவில்லை. வேகம் எடுக்கும் இடத்தில் தடுக்கி விழுந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடி தடுக்கியது. தங்கையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே மூன்றாவது தடவை ஆரம்பித்தார். விடாப்பிடியாக அதே வேகத்தில்.

அக்காவின் வலது ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது. இப்போது சுழலும் என்று பார்த்தேன், அண்ணனும் பார்த்தார். விரல் சுழலவில்லை. மற்ற விரல்களும் ஒவ்வொன்றாக விரிந்தன. ரோஸ் நிறத் தூசி படிந்த அந்த உள்ளங்கை தரையைப் பார்த்துக் கவிழ்ந்தது, தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல மெல்ல, மெல்லக் கீழே இறங்கியது.